புது கீசர் வாங்கும் முன் ஷவரில் வரும் தண்ணீரை அளந்து பாருங்கள்

பழைய கீசரைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்ட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், எந்த மாடல் என்று நான் முதலில் கேட்பதில்லை. ஷவரைத் திறந்தால் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் கேட்பேன். பிளம்பிங் வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: புது கீசர் சரியில்லை என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் கீசர் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு வேண்டிய அளவுக்குத் தண்ணீர் வந்து சேராது. பணம் கொடுத்த பிறகு இது தெரிந்து என்ன பயன்? முன்பே பார்த்துவிடுங்கள்.

அளக்கும் முன் வால்வுகள் எல்லாம் முழுதாகத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கீசருக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக் என்ற சிறு வால்வு பல வீடுகளில் பாதிதான் திறந்திருக்கும். குழாய் முனைச் சல்லடையையும் ஷவர் தலையையும் கழற்றி, உப்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டுங்கள். சில வீடுகளில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

அப்புறம் வாளி. 10 லிட்டருக்குக் கோடு தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஷவரை முழுதாகத் திறந்து வாளியில் பிடியுங்கள். 1 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர், 2 நிமிடம் ஆனால் 5 லிட்டர். கீழே இருக்கும் வாளிக் குழாயில் பிடித்துக் கணக்குப் போடாதீர்கள். அந்தக் குழாய் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, ஷவர் தலைக்கு மேலே இருக்கிறது. நடுவில் ஒன்றரை மீட்டர் இருந்தால் 0.15 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அங்கேயே போய்விடும். டேங்க்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அது பெரிய இழப்பு.

மாடி டேங்க் மட்டும் உள்ள வீட்டில், தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது உள்ள அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள மீட்டரே வேண்டாம், அளவு டேப் போதும். டேங்க்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து ஷவர் வரை செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். 3 மீட்டர் இருந்தால் 0.3 பார், அவ்வளவுதான். டேங்க் எவ்வளவு பெரியது என்பது இதில் கணக்கே இல்லை, உயரம் மட்டும்தான். தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினால் அந்த 0.3 கூட 0.2 ஆகிவிடும். அதனால் டேங்க் பாதிக்கும் கீழே இருக்கும்போது அளப்பதுதான் நல்லது.

ஆனால் நின்ற தண்ணீரின் அழுத்தம் பாதிக் கதைதான். தண்ணீர் ஓடும்போது குழாயின் உராய்விலும் வளைவுகளிலும் எவ்வளவு தொலைகிறது என்பதுதான் முக்கியம். அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, உள்ளே தண்ணீர் தெரியும் டியூப், அதில் ஒரு துண்டு வாங்குங்கள். குளியலறைக் குழாய் ஒன்றில் கிளிப் போட்டு இறுக்கி, மறுமுனையைக் கூரை வரை தூக்கிப் பிடியுங்கள். வாஷ்பேசின் குழாயை முழுதாகத் திறந்து ஓடவிட்டு, டியூப் மாட்டிய குழாயை மெல்லத் திறங்கள். தண்ணீர் ஏறி ஓர் இடத்தில் லேசாக ஆடியபடி நிற்கும். மேலே வழிந்தால் கவலையில்லை. ஷவரை விட ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டால், வாஷ்பேசினில் யாராவது கை கழுவும் நேரத்தில் ஷவரில் சொட்டுதான் வரும் என்று அர்த்தம். டேங்க் மட்டத்துக்கும் டியூப்பில் நிற்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் குழாயில் தொலைந்த அழுத்தம்.

பம்பு வைத்த வீட்டுக்கும், டேங்க் இல்லாமல் தெருக் குழாயிலிருந்து நேரடி லைனில் தண்ணீர் வரும் வீட்டுக்கும் அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜ் வேண்டும். வாஷிங் மெஷின் குழாயில் மாட்டுவது சுலபம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு முறை, இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டு ஒரு முறை பாருங்கள். மூடியபோது 3 பார் காட்டிய முள், திறந்ததும் 1 பாருக்கு விழுந்தால் எங்கோ வழி குறுகியிருக்கிறது. பழைய இரும்புக் குழாயாக இருந்தால் உள்ளே துரு பிடித்துப் பென்சில் நுழையும் துவாரம்தான் மீதி இருக்கும். அதற்குப் பெரிய கீசர் மருந்தல்ல.

நேரடி லைன் என்றால் இரவிலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் அழுத்தம் ஏறும். கீசர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் மேல் எழுதியிருக்கும். 8 பார் என்பதை 0.8 மெகாபாஸ்கல் என்றும் போட்டிருப்பார்கள். இரவில் 5 பாரைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் ரெட்யூசிங் வால்வு போட்டு 3 பார் அளவுக்கு இறக்கிவிடுவேன். இன்னொன்று, தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். கீசரின் நுழைவாயிலில், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் கூடிய தண்ணீர் பின்னால் போக முடியாமல் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டும். சொட்டுகிறதே என்று தயவுசெய்து அதை அடைக்காதீர்கள். தொட்டி வெடிக்காமல் இருப்பதே அந்த வால்வினால்தான்.

இனி கிடைத்த எண்களை வைத்துத் தேர்வு செய்யலாம். உள்ளே தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் ஸ்டோரேஜ் கீசர் குறைந்த அழுத்தத்திலும் பொறுமையாக வேலை செய்யும். கேஸ் கீசர் அப்படியல்ல. பல மாடல்கள் நிமிடத்துக்கு 2.5 அல்லது 3 லிட்டர் ஓடினால்தான் பற்றும். கையேட்டில் குறைந்தபட்ச ஓட்டம் என்று இருப்பதைப் படியுங்கள். கரண்ட்டில் ஓடும் இன்ஸ்டன்ட் கீசரில் சிக்கல் தலைகீழ். 3 கிலோவாட் என்பது நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் சுமார் 14 டிகிரிதான் கூட்டும். 6 லிட்டர் ஓடினால் 7 டிகிரி. வேகமும் வேண்டும், நல்ல சூடும் வேண்டும் என்பவருக்கு அது ஒத்துவராது. அழுத்தம் தாங்காத வகை சோலார் ஹீட்டரை எக்காரணம் கொண்டும் பிரஷர் பம்போடு நேரடியாக இணைக்கக் கூடாது.

அழுத்தம் போதவில்லை என்றால் பம்பு வாங்க ஓடாதீர்கள். டேங்க்கிலிருந்து குளியலறைக்கு முக்கால் இன்ச் குழாயில் தனி லைன் இழுத்தாலே பல வீடுகளில் போதும். பம்புதான் வேண்டும் என்றால், பச்சைத் தண்ணீர் லைனும் கீசர் லைனும் பிரியும் இடத்துக்கு முன்னால் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பம்பு வைத்தால், இரண்டையும் கலக்கும் மிக்சர் குழாயில் பலமான பக்கம் மற்றதைத் தள்ளிவிடும், சுடுதண்ணீரே வராது. பம்பு ஓடும்போதும் நிற்கும் தறுவாயிலும் கேஜைப் பாருங்கள். அந்த உச்ச எண் கீசர் தாங்கும் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் கீசரை வாங்குங்கள்.