கனடாவில் கேக் மிக்ஸர் வாங்குவதற்கு முன்

கனடாவுக்கு வந்து, வேலை ஒன்றும் கிடைத்து, கொஞ்சம் மூச்சு விட்டதும் பலருக்குக் கேக் அடிக்கும் ஆசை வந்துவிடும். வாடகை வீடென்றாலும் அடுப்போடு அவணும் சேர்ந்தே இருக்கும். பட்டர் 454 கிராம் கட்டியாக, அதாவது ஒரு இறாத்தலாக, எந்தக் கடையிலும் கிடைக்கும். அடுத்து கண் போவது, மேசையில் தானே நின்று கிண்ணத்தில் அடிக்கிற பெரிய ஸ்டாண்ட் மிக்ஸர் மீதுதான்.

முதல் வருடத்தில் அது வேண்டாம் என்பேன். கையில் பிடிக்கிற சின்ன பீட்டர் ஒன்றை வாங்குங்கள். பிறந்தநாள் கேக், ரவைக் கேக், ஐசிங் எல்லாவற்றுக்கும் அது போதும். பேஸ்மென்டில் இருப்பவர்கள் எப்படியும் இன்னொரு தடவை வீடு மாறுவார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் மெஷினை எதற்குத் தூக்கித் திரிய வேண்டும்? வாரம் தவறாமல் அடிக்கிறீர்கள், கை வலிக்கிறது என்றால் அப்போது யோசிக்கலாம்.

ஊரிலிருந்து கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் மட்டும்தான் மாறும், ஹேர்ட்ஸ் மாறாது. இன்னொன்றையும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஸ்டாண்ட் மிக்ஸர் உழுந்து அரைக்காது, சம்பல் இடிக்காது. அந்த வேலைக்கு வேறு மெஷின்தான் வேண்டும்.

வாங்குவதென்று முடிவெடுத்தால், நீங்கள் அதிகம் செய்வது கேக்கா, பாணும் பணிஸுமா என்று பாருங்கள். கேக் மட்டும் என்றால் எந்த நடுத்தர மெஷினும் சரி. பாண் மா குழைப்பதுதான் மோட்டரைச் சோதிக்கிற வேலை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. மாவைப் பிசைய எவ்வளவு பலம் போகிறது என்பதை அல்ல. கிச்சன்எய்ட் கம்பனியின் பெயர்போன ஆர்டிசன் மெஷின் வெறும் 325 வாட்ஸ்தான். அதிலும் மா குழைக்க இரண்டாம் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று கம்பனியே சொல்கிறது. இறுக்கமான மா என்றால் இரண்டு பங்காகப் போடுங்கள்.

கிண்ணம் நாலரை அல்லது ஐந்து குவாட் போதும். நாலரை குவாட் என்பது நாலேகால் லீட்டர். ஒரு இறாத்தல் பட்டர் கேக் அதில் அடங்கும். ஏழு குவாட் வாங்கினால் இரண்டு முட்டை வெள்ளைக்கரு அடியில் கிடக்க, முட்டை அடிக்கிற கம்பி விஸ்க் மேலே காற்றில் சுற்றும்.

காசு விஷயத்தில் என் கட்சி இதுதான்: மலிவான புது மெஷினை விட, நல்ல கம்பனியின் பழைய மெஷின் மேல். ஒன்ராறியோவில் புதிதாக வாங்கினால் விலைக்கு மேல் 13 வீதம் வரியும் சேரும். பழைய சாமான் விற்கும் இணையத் தளங்களான ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிஜிஜி இரண்டிலும் கல்யாணப் பரிசாக வந்து அலுமாரியிலேயே இருந்த மெஷின்கள் வரும். ஆனால் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாதீர்கள். நேரே போய் பிளக்கில் போட்டு, எல்லா வேகத்திலும் ஓடவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் ஒரே சீராக இருந்தால் பயமில்லை. கடகடவென்று உள்ளே பற்சக்கரம் உரசுகிற சத்தம் வந்தால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். மெஷினின் தலை தளர்ந்திருக்கிறதா என்று பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு வெறும் கிண்ணத்தில் பத்துச் சதக் குற்றி ஒன்றைப் போட்டு, மெஷினோடு வரும் தட்டையான பீட்டரை மாட்டி மெதுவாகச் சுழலவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் குற்றி கொஞ்சம் நகர்ந்தால் உயரம் சரி. அசையாவிட்டால் பீட்டர் மேலே நிற்கிறது, நகர்ந்துகொண்டே இருந்தால் அடியில் உரசுகிறது. கிச்சன்எய்டில் கழுத்துப் பக்கம் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். இதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய் சொட்டுவதும் அப்படித்தான். நெடுநாள் சும்மா இருந்த மெஷினில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வரும். கிரீஸ் மாற்றினால் போதும். விலையைக் குறைக்க அதையே காரணமாகச் சொல்லுங்கள்! மா குழைக்கும் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் அதைத் தொலைத்திருப்பார்கள்.

புதிதுதான் வேண்டும் என்றால் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே மலிவு விற்பனை வரையோ, டிசம்பர் 26 பாக்ஸிங் டே விற்பனை வரையோ பொறுத்திருங்கள். வாங்குமுன் மேசைக்கும் மேல் அலுமாரிக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சாய்கிற தலையைத் தூக்கும்போது பல சமையலறைகளில் அலுமாரியில் முட்டும்.

ஓடர் எடுத்துக் கேக் விற்கும் யோசனை இருந்தால் வாரண்டியைப் படித்துப் பாருங்கள். வீட்டுப் பாவனைக்கான வாரண்டி வியாபாரத்துக்குச் செல்லாது. பளபளக்கும் அலுமினிய பீட்டரை டிஷ்வாஷரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கறுத்து, தொட்டால் கையில் ஒட்டும்.