ரெண்டு ரூம் ஹோம்ஸ்டேக்கு சீசன் கணக்குப் போடுவது எப்படி?

கொடைக்கானலில் வீட்டு மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விடுகிறோம். "சீசன் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பேன். அந்தப் பரவாயில்லை எவ்வளவு என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் முழி பிதுங்கியது.

கூகுள் ஷீட்ஸ் போதும். புக்கிங் தளங்கள் காட்டும் வரைபடத்தை நான் நம்புவதில்லை. நேரடியாக போன் செய்து வருகிறவர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

ஓர் இரவுக்கு ஒரு வரி: தேதி, ரூம், வாடகை, காரணம். காரணம் என்றால் சனிக்கிழமை, பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி, ஆயுதபூஜை லீவு, இப்படி. அடுத்த வருடம் விலை வைக்கும்போது கைகொடுப்பது இந்தக் கட்டம்தான்.

எழுத வேண்டியது தங்கிய இரவை. ஏப்ரல் 29 வந்து மே 2 காலி செய்த குடும்பத்தை மே மாதத்தில் நான்கு நாள் என்று போட்டு வைத்திருந்தேன். உண்மையில் மூன்று இரவு: ஏப்ரலில் இரண்டு, மேயில் ஒன்று.

நான் கோட்டை விட்டது அடுத்ததில். இரண்டு ரூம், 31 நாள், மொத்தம் 62 இரவு. கீசர் பழுது, சித்தப்பா குடும்பம் வந்தது என்று 6 போனால், விற்க இருந்தது 56. விற்றது 42, அதாவது 75 சதவீதம். நான் 62-ஆல் வகுத்து, மே மாதத்திலேயே 68தானா என்று இரண்டு நாள் தூங்கவில்லை. (சீசனில் சித்தப்பா வருவது நஷ்டம்தான். அதை அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள்.) ஆனால் ஆள் வராத நாளையும் 'பூட்டிய நாள்' என்று கழித்துவிடாதீர்கள்.

அப்புறம் வருமானம். 1,26,000 ரூபாயை 42-ஆல் வகுத்தால் சராசரி வாடகை 3,000. 56-ஆல் வகுத்தால் 2,250. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஏன் என்றால், வாடகையும் காலியாகக் கிடந்த இரவும் சேர்ந்து தெரிவது அதில்தான். ஒரு நவம்பர் மழையில் 1,200-க்கு இறக்கி 60 இரவில் 30 விற்றேன்: 36,000. முந்தைய நவம்பரில் 1,800-க்கு 22தான் போயிருந்தது: 39,600. கூட எட்டு இரவு பெட்ஷீட் துவைத்து, ஈரத்தில் காயப்போட முடியாமல் அல்லாடி, 3,600 குறைவாகச் சம்பாதித்திருக்கிறேன்!

வார நாளையும் சனி, ஞாயிறையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். 2025 சீசனில் இங்கே வெளியூர் வண்டிகளுக்கு வைத்த வரம்பே வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000.

பின்சேர்க்கை: இ-பாஸ் (வெளியூர் வண்டி இங்கே வருவதற்கான ஆன்லைன் அனுமதி) கிடைக்காமல் ரத்து செய்தவரின் அட்வான்ஸை என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். திருப்பித் தரவில்லை என்றால் வருமானத்தில் சேருங்கள். விற்ற இரவில் சேர்க்காதீர்கள். அதே ரூமை வேறொருவருக்கு விட்டால் இரவு ஒன்றுதான், பணம் இரண்டு வரி.