புது ராம் போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லையா?

கணினியின் பழைய ராமுடன் (மெமரி) இன்னொன்றைச் சேர்த்துப் போட்டு பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. உடனே மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), போர்டு என்று வாங்கப் போய்விடாதீர்கள். பெரும்பாலும் எந்தப் பொருளும் எரிந்திருக்காது. மாற்றியது ராம் மட்டும்தான் என்றால், சந்தேகப்பட வேண்டியதும் அந்த ராமையும், அதை மாட்டும்போது கை பட்ட இடங்களையும்தான்.

உங்களுடையது டிடிஆர்5 (ராமின் புதிய தலைமுறை) போர்டு என்றால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். புது ராமைப் பார்த்ததும் போர்டு அதன் டைமிங்கை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருத்தும். மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். சில போர்டுகள் தானே அணைந்து திரும்ப ஆன் ஆகும். ஏஎம்டி புராசஸர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம், ராம் அளவு கூடக் கூட நேரமும் கூடும். பொறுமையிழந்து இடையில் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், பழைய நிலைக்குத் திரும்புவதுதான் முதல் வேலை. எஸ்எம்பிஎஸ் பின்புற சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, புது ராமைக் கழற்றி, பழையதை முன்பு இருந்த அதே ஸ்லாட்டில் மாட்டி ஆன் செய்யுங்கள். டிஸ்ப்ளே வந்தால் கீழே ‘ராம் உட்காரும் விதம்’ பகுதிக்குப் போங்கள்.

பழைய ராமிலும் வரவில்லை என்றால்

கை பட்டு வேறு ஏதோ நகர்ந்திருக்கிறது. புராசஸருக்கு அருகே, போர்டின் மேல் மூலையில் செருகியிருக்கும் 4 பின் அல்லது 8 பின் கேபிளை அழுத்திப் பாருங்கள். ஃபேன்கள் 24 பின் கேபிளிலிருந்து மின்சாரம் எடுப்பதால், புராசஸர் கேபிள் லூசாக இருந்தாலும் ஜோராகச் சுற்றும். எனவே ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிராபிக்ஸ் கார்டையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ராமை அழுத்தும்போது போர்டு சற்று வளையும். அதில் கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளலாம். மானிட்டர் கேபிளைத் தவறுதலாக மதர்போர்டு போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஐ5 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் புராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது, அந்த போர்ட்டில் படம் வரவே வராது.

பல போர்டுகளில் சிபியு (புராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிரைவ்) என்று நான்கு சிறிய எல்இடிகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, கோளாறு அந்தப் பக்கம். டிராம் லைட் அணையாமல் எரிந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ராம் உட்காரும் விதம்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. ஸ்லாட்டின் இரு முனை கிளிப்புகளையும் திறந்து (சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும்), ராமின் வெட்டுப்பள்ளம் ஸ்லாட்டின் மேட்டோடு சேர்கிறதா என்று பார்த்து, இரண்டு கட்டை விரல்களாலும் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். பயப்படும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படும். ‘டக்’ என்று கிளிப் தானாக மூட வேண்டும். பிறகு டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: ஒரு முனையில் தங்கநிறப் பட்டை தெரிந்து மறுமுனையில் தெரியவில்லை என்றால் அது உட்காரவில்லை. சிறு சாய்வு போதும், டிஸ்ப்ளே வராது.

தங்கநிறப் பட்டையில் விரல் எண்ணெயோ கறையோ இருந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். பிறகு ரப்பர் துகள்களை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். ஸ்லாட்டுக்குள் விழுந்த ரப்பர் துகள் அடுத்த கோளாறாகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் நனைத்த துணி இன்னும் நல்லது.

நான்கு ஸ்லாட் போர்டில் ஒரே ஒரு ராம் என்றால் பெரும்பாலும் புராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட், அதாவது ஏ2. இரண்டு என்றால் இரண்டாவதும் நான்காவதும். பல போர்டுகளில் சிக்னல் வழி முதல் ஸ்லாட்டைத் தாண்டி இரண்டாவதில் முடிகிறது. முனையைக் காலியாக விட்டால் சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வந்து குழப்பும்.

இப்போது புது ராமைத் தனியாக ஏ2-வில் போட்டுப் பாருங்கள். தனியாகவும் வரவில்லை என்றால் அது உங்கள் போர்டுக்குப் பொருந்தாததாகவோ பழுதானதாகவோ இருக்கலாம். டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1, வெட்டுப்பள்ளமும் இடம் மாறும், ஆகவே பலவந்தம் செய்யாதீர்கள். டிடிஆர்3-இல் இன்னொரு பொறி உண்டு: ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று மலிவாக விற்கப்படும் 8 ஜிபி ராம்கள் இன்டெல் போர்டில் வேலை செய்யாது.

தனித்தனியாக இரண்டும் ஓடி, சேர்த்தால் மட்டும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் வேகம்தான் பிரச்சினை. ஒரு ராமை மட்டும் வைத்து ஆன் செய்து, பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டுச் சேர்த்துப் போடுங்கள். அவை ராமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் அமைப்புகள். வேறு வேறு தயாரிப்புகளைக் கலந்தால் தாங்காமல் போகலாம். ரைசன் 7000 வரிசையில் இரண்டு டிடிஆர்5 ராம்களுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200. நான்கு போட்டால் 3600. கூடுதல் கொள்ளளவு வேண்டுமானால் இருப்பதை விற்றுவிட்டு ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்குவதே நல்லது.

சிமோஸ் கிளியர்

இதுவும் பலிக்கவில்லை என்றால் சிமோஸில் பதிந்திருக்கும் பயாஸ் அமைப்பை அழிக்கலாம். ஆனால் அதற்கு முன், டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11 பல கணினிகளில் டிரைவைத் தானே என்கிரிப்ட் செய்துவிடுகிறது. சிமோஸை அழித்ததும் அந்த எண்ணைக் கேட்கலாம். மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து எடுத்து, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, போர்டில் சிஎல்ஆர் சிமோஸ் அல்லது ஜேபேட்1 என்று எழுதிய இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் பத்து விநாடி தொட்டுப் பிடிக்க வேண்டும். பின்கள் தெரியவில்லை என்றால் சிஆர்2032 பட்டன் செல்லைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இதற்குப் பின் டிஸ்ப்ளே வந்தும் விண்டோஸ் ஏறவில்லை என்றால், பயாஸில் சாட்டா மோட் (டிரைவை போர்டு கையாளும் முறை) முன்பிருந்த ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ, ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்ப்ளே வந்துவிட்டது என்று கேபினெட்டை மூடிவிடக் கூடாது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி, இரவு முழுக்க நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம். கணினி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் சேமிக்கும் போட்டோவும் ஆவணமும் சத்தமில்லாமல் கெடும். எது பழுது என்று தனித்தனியாக ஓட்டிக் கண்டுபிடித்து, ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வாரண்டிக்குக் கொடுங்கள். ஜோடியாக வாங்கியிருந்தால் நல்லதையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். பெரும்பாலும் இரண்டையும்தான் கேட்பார்கள்.