கேட்டுல நிக்கும்போது இடது காலு எங்க இருக்கணும்?

புதுசா கார் லைசென்ஸ் எடுத்தவியளுக்காக எழுதுதேன், ஓட்டிப் பழகுனவிய சும்மா வாசிச்சிட்டுப் போங்க.

நம்ம திருநெல்வேலி குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைச்சிட்டான்னு வைங்க. வண்டி பர்ஸ்ட் கியர்ல, இடது காலு க்ளட்ச்ச அமுக்கிட்டே இருக்கு, ரெண்டு நிமிசத்துல முட்டு நடுங்க ஆரம்பிச்சிரும். நானும் ஒரு வருசம் இப்டித்தான் நின்னேன்.

மொதல்ல நிப்பாட்டுறது. தூரத்துல கேட்டப் பாத்ததுமே க்ளட்ச்ச மிதிக்காதிய. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து பிரேக்க மெதுவா அமுக்குங்க, வேகம் நல்லா கொறஞ்சு இஞ்சின் உதறப்போவுதுன்னு தெரியும்போது க்ளட்ச்ச முழுசா மிதிச்சு நியூட்ரலுக்குத் தள்ளுங்க. கியர் கம்பிய இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க, தாராளமா ஆடுனா நியூட்ரல்தான். இப்ப க்ளட்ச்ச விட்டுட்டு கால பக்கத்துல தரையில வைங்க. வலது காலு பிரேக்லயே இருக்கட்டும், இல்ல ஹேண்ட் பிரேக் போடுங்க. கேட்டுன்னா இஞ்சினையே ஆஃப் பண்ணிருங்க. வண்ணாரப்பேட்ட ரவுண்டானால மூணு நாலு செகண்டு நின்னு நின்னு போவுதுன்னா கியர்லயே முழுசா மிதிச்சிட்டு நிக்கலாம், தப்பில்ல.

க்ளட்ச்ச மிதிச்சிருக்க நேரம் பூரா, க்ளட்ச்ச அமுக்கி விலக்குற வளையமான ரிலீஸ் பேரிங் அழுத்தத்தத் தாங்கிக்கிட்டே சுத்தும், நாளாவ நாளாவ தேஞ்சு, மிதிக்கும்போதெல்லாம் கீச்சுன்னு கத்தும். பேரிங்க மாத்த கியர் பாக்ஸ எறக்கணும், கூலியிலதான் அடி. அதுபோக, கால் வழுக்குனா வண்டி ஒரே குதி, முன்னாடி நிக்க பைக்காரர் பாவம்.

இத விட மோசம் ஹாஃப் க்ளட்ச், அதாவது க்ளட்ச்ச பாதி மட்டும் மிதிச்சிட்டு நிக்கது. ஜங்ஷன் ஈரடுக்கு பாலத்து ஏத்தத்துல டிராபிக்ல நின்னப்ப நான் பிரேக்கே பிடிக்காம, பாதி க்ளட்ச்சும் கொஞ்சம் ஆக்சிலேட்டருமா வண்டியத் தாங்கி நிறுத்துவேன், பெரிய கெட்டிக்காரத்தனம்னு நெனப்பு. ஒருநா கருகுன நாத்தம் வந்துச்சு, முன்னாடி லாரின்னு நெனச்சு கண்ணாடிய ஏத்திட்டேன்! மெக்கானிக் அண்ணாச்சி க்ளட்ச் பிளேட்டக் கழட்டி உள்ளங்கையில வச்சுக் காட்டுனாரு, உராயுற லைனிங் தேஞ்சு அதப் பிடிச்சிருக்க ரிவெட் தல தெரியுது, அத அமுக்கிப் பிடிக்க பிரஷர் பிளேட்ல சூட்டுல நீலம் பாஞ்சிருக்கு. "பிரேக்கு எதுக்குவே வச்சிருக்கான்?"ன்னாரு.

ஏத்தத்துல எடுக்க: ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே பர்ஸ்ட் கியர் போட்டு க்ளட்ச்ச மெதுவா விடுங்க. இஞ்சின் சத்தம் தாழும், பானட் லேசா தூக்கும், அங்கனயே கால நிறுத்தி, ஆக்சிலேட்டர் கொஞ்சம் குடுத்து, ஹேண்ட் பிரேக்க எறக்குங்க. பின்னாடி பஸ்காரர் ஆரன் அடிப்பாரு, அடிக்கட்டும். வண்டி நவுந்ததும் க்ளட்ச்ச முழுசா விட்டுட்டு கால அதுக்கு மேல வைக்காம தள்ளி வைங்க.