ஒரு பில்லுக்கு எத்தனை கனெக்‌ஷன்? ஸ்பிரிங் பூட் டிரான்சாக்‌ஷன், படிப்படியாக

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். தனியாக உட்கார்ந்து சோதித்தபோது நொடியில் பில் வந்தது. ஏலம் முடிந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பில் போட்டதும் திரை அப்படியே நின்றுவிட்டது. 30 நொடி கழித்துப் பிழைச் செய்தி. பணத்துக்காகக் காத்திருந்த விவசாயிகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பில்லுக்கு ஒரே நேரத்தில் இரண்டு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் (தரவுத்தள இணைப்பு) பிடித்ததுதான் காரணம். அந்தத் தவறை ஸ்பிரிங் பூட்டில் (ஜாவாவில் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) நீங்களும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள், நன்றாகப் புரியும்.

படி 1: ஜேடிபிசி டெம்ப்ளேட்டை (டேட்டாபேஸோடு பேச ஸ்பிரிங் தரும் கருவி) வைத்து மூன்று சர்வீஸ் எழுதுங்கள். பில் சர்வீஸ், இருப்பு சர்வீஸ், யார் எப்போது பில் போட்டார் என்று எழுதும் பதிவு சர்வீஸ். மூன்றும் தனித்தனி கிளாஸாக இருக்கட்டும். ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை அழைத்தால் ஸ்பிரிங்கின் ப்ராக்ஸி (அழைப்பை இடைமறித்து, மொத்தமாக நிற்கும் அல்லது மொத்தமாக ரத்தாகும் டேட்டாபேஸ் வேலையான டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி முடிக்கும் இடையாள்) குறுக்கே வராது, அங்கே போட்ட டிரான்சாக்‌ஷனல் குறிப்புக்கு வேலையும் இருக்காது.

படி 2: பில் சர்வீஸ் மற்ற இரண்டையும் அழைக்கட்டும். மூன்றுக்கும் டிரான்சாக்‌ஷனல் என்று மட்டும் போடுங்கள். ஸ்பிரிங்கின் ஜேடிபிசி பேக்கேஜுக்கு லாக் அளவை டீபக் ஆக்கி ஓட்டினால், 'பார்ட்டிசிபேட்டிங் இன் எக்ஸிஸ்டிங் டிரான்சாக்‌ஷன்' என்ற வரி வரும். பில் சர்வீஸ் எடுத்த கனெக்‌ஷன் அந்த பில்லைக் கவனிக்கும் திரெட்டோடு (சர்வரில் ஒரு கோரிக்கையை நடத்தும் தனி ஓட்டம்) கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே வரும் இரண்டும் அதையே பயன்படுத்துகின்றன. பில் ஒன்று, கனெக்‌ஷனும் ஒன்று.

படி 3: பில் தோற்றாலும் பதிவு அழியக் கூடாது என்று நினைத்து, பதிவு சர்வீஸை ரிக்கொயர்ஸ் நியூ (எப்போதும் புது டிரான்சாக்‌ஷன் தொடங்கு என்ற அமைப்பு) ஆக மாற்றினேன். நீங்களும் மாற்றுங்கள். இப்போது லாக்கில் 'சஸ்பெண்டிங் கரன்ட் டிரான்சாக்‌ஷன்' என்று வரும். நிறுத்தி வைத்தாலும் முதல் கனெக்‌ஷன் பூலுக்கு (தயாராக வைத்திருக்கும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) திரும்பவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அதைக் கையில் பிடித்தபடியே அந்தத் திரெட் இரண்டாவதைக் கேட்கிறது.

படி 4: கனெக்‌ஷன் பூலை நிர்வகிக்கும் ஹிகாரியில் பூலின் அதிகபட்ச அளவை 2 ஆக்குங்கள். பதிவு சர்வீஸை அழைக்கும் முன் ஒரு நொடி ஸ்லீப் வையுங்கள். ஒரு பில் போட்டால் போகும். அப்புறம் இரண்டு பில்லை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, இன்னொன்றுக்காக இருவரும் நிற்பார்கள். ஹிகாரி காத்திருக்கும் நேரம் இயல்பாகவே 30 நொடி, பூல் அளவு 10. மண்டியில் நடந்ததும் இதுதான்.

படி 5: பூலைப் பெரிதாக்கினால் போதாதா? ஒரு திரெட்டுக்கு 2 கனெக்‌ஷன் தேவையென்றால், இந்த முட்டல் வராமலிருக்க திரெட் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக வேண்டும். ஸ்பிரிங் பூட்டில் டாம்கேட் என்ற வெப் சர்வர் இயல்பாக 200 திரெட் வரை போகும், ஆகவே 201. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக அனுமதிப்பதோ 100 கனெக்‌ஷன். அந்த வழி எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் செய்த மாற்றம் சிறியதுதான். பதிவு எழுதும் அழைப்பை பில் சர்வீஸிலிருந்து எடுத்து, அதை அழைக்கும் கன்ட்ரோலரில் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை முதலில் வாங்கும் கிளாஸ்) வைத்தேன். பில் வெற்றியானாலும் பிழை வந்தாலும் முதல் டிரான்சாக்‌ஷன் முடிந்து கனெக்‌ஷன் பூலுக்குப் போன பிறகே பதிவு எழுதப்படும். பூல் அளவு 2 ஆகவே இருக்கட்டும், படி 4-ஐ இப்படி மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு பில்லும் போய்விடும்.