உப்புவெளிக் காணிக் கணக்கைத் தீர்த்த விதம்

உப்புவெளியில் காணி வாங்கி வீடு கட்டி விற்ற எங்கள் பங்காண்மை முடிவுக்கு வந்தபோது, அண்ணை போட்ட கணக்கும் நான் போட்ட கணக்கும் ஒத்துவரவில்லை. சீமெந்துக்கும் கம்பிக்கும் அவர் இடையில் கைக்காசு போட்டிருந்தார். அது முதலா (மூலதனமா), பங்காண்மைக்குக் கொடுத்த கடனா? சண்டையின் வேர் அதுதான்.

வழக்குப் போட முன்பு இருவரும் சேர்ந்தே ஒரு சட்டத்தரணியிடம் போனோம். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். இலங்கையில் பங்காண்மைக்கு இன்றும் 1890ஆம் ஆண்டு ஆங்கிலப் பங்காண்மைச் சட்டமே பொருந்துகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் பணத்தைப் பிரிப்பது அதன் 44ஆம் பிரிவின் வரிசைப்படிதான்: முதலில் வெளியாரின் கடன், அடுத்தது பங்காளி முதலுக்கு மேலாகக் கொடுத்த பணம், பிறகு அவரவர் முதல், மிச்சம் இருந்தால் இலாபம். மேலதிகமாகக் கொடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 5 வீத வட்டியும் உண்டு.

அண்ணையின் கைக்காசு இரண்டாம் இடத்தில் வந்து நின்றது. எனக்கு அது கசந்தாலும் நியாயம் அவர் பக்கம். பற்றுச்சீட்டுகளை வங்கிக் கூற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒத்துவந்த தொகையை மட்டும் ஏற்றோம். விற்காத வீட்டுக்கு இருவருக்கும் பொதுவான மதிப்பீட்டாளர் விலை சொன்னார்.

அந்த வீட்டில் என் பங்கை அண்ணைக்கு நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடித்து எழுதிக்கொடுத்தேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விடயத்தில் வாய்ச்சொல் செல்லாது. வங்கிக் கடனுக்கு நான் வைத்த பிணையிலிருந்து விடுவித்த கடிதத்தையும் அன்றே கையில் வாங்கினேன்.