ஊசி, ஊரடங்கு, நம் பேச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் மாமியின் அலுமாரியில், அடையாள அட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொலித்தீன் உறைக்குள் அவருடைய கொவிட் தடுப்பூசி அட்டை இருக்கிறது. முதல் கட்டத்தில் 2021 மார்ச் மாதத்துத் திகதி ஒன்று, பக்கத்தில் கோவிஷீல்ட் என்று எழுதியிருக்கும். இரண்டாவது கட்டம் ஐந்து மாதம் வெறுமையாகவே கிடந்தது. அந்த ஐந்து மாதமும் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஒரு ஊசியே போதும் அக்கா" என்றார் ஒருவர். "ரெண்டாவது போடாட்டி முதலாவதும் வீண்" என்றார் இன்னொருவர். "சைனா ஊசியைப் போட்டுவிடுங்கோ, எல்லாம் ஒன்றுதான்" என்றார் மூன்றாமவர். மூன்று பேருக்கும் மாமி மேல் உண்மையான அக்கறை. ஆனால் மூவரும் போன பிறகு மாமிக்குப் பயம்தான் கூடியது.

2023இல் சின்னமுத்து (தட்டம்மை) மறுபடியும் கொழும்பில் பரவியபோது, குழந்தைகளுக்கான ஊசியைப் பற்றியும் இதே மாதிரிப் பேச்சைக் கேட்டேன். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2019இல். நான்கே வருடத்தில் அது திரும்பி வந்தது. நோய் மாறினாலும் நாம் பேசும் விதம் மாறவில்லை. அதனால்தான் கொவிட் காலத்தில் நானும் விட்ட, என்னைச் சுற்றியுள்ளவர்களும் விட்ட பிழைகளை எழுதிவைக்க நினைத்தேன். என் பார்வையில் பெரும்பாலான பிழைகள் ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு தகவலிலிருந்து திகதியையும் வயதையும் இடத்தையும் பிடுங்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் கையளிக்கிறோம்.

திகதி இல்லாத உண்மை

"ஒரு ஊசி போதும்" என்ற பேச்சையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஊசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 29. அதற்கு முதல் நாள்தான் இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சம் கோவிஷீல்ட் வந்திறங்கியிருந்தது. முதலில் சுகாதார ஊழியர்களுக்கும் படையினருக்கும் போட்டார்கள், பிப்ரவரி நடுப்பகுதியில் மேல் மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அப்போது பரவிக்கொண்டிருந்த வைரசுக்கு ஒரு ஊசியே ஓரளவு நல்ல காப்பைத் தந்தது. அதைப் பிப்ரவரியில் சொன்னவர் பொய் சொல்லவில்லை.

அப்புறம் இந்தியாவில் தொற்று உச்சத்துக்குப் போய், ஏற்றுமதி நின்றது. மாமியைப் போல சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசி இல்லாமல் நின்றார்கள். ஜூனில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்டா என்ற புதிய வைரஸ் வகை கண்டுபிடிக்கப்பட்டது. டெல்டாவுக்கு முன்னால் ஒரு ஊசி நோய் அறிகுறியைத் தடுப்பது ஏறத்தாழ 30 வீதம்தான், கோவிஷீல்ட் வகையில் இரண்டு ஊசி போட்டால் அது 67 வீதம் என்று பிரித்தானியாவில் செய்த ஆய்வு காட்டியது. பிப்ரவரியில் சரியாக இருந்த அதே வசனம் ஜூலையில் ஒருவரை ஆபத்தில் விட்டுவிடும்.

"முதலாவதும் வீண்" என்பதோ எந்த மாதத்திலும் சரியில்லை. இரண்டாவது தள்ளிப்போனால், கிடைத்த உடனே போட்டால் சரி, முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இந்த ஒரு வசனத்தை யாராவது மே மாதத்திலேயே மாமிக்குச் சொல்லியிருந்தால் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஜூலை 31இல் ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனிகா வந்தது. கோவிஷீல்டும் அதே ஊசிதான், இந்தியாவில் தயாரித்தது. ஆகஸ்டில் அந்த இரண்டாவது கட்டமும் நிரம்பியது.

2020 டிசம்பரில் கேகாலையில், கொவிட்டைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு நாட்டு மருந்துப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் கூடியதை இன்றும் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். அந்த மாதம் இலங்கையில் ஒருவருக்குக்கூட ஊசி கிடைத்திருக்கவில்லை. கையில் எதுவும் இல்லாதவர் எதையாவது பிடிக்கப் பார்ப்பார். அந்தக் கூட்டத்திலேயே தொற்றிவிடும் என்று எச்சரித்தது சரி, அவர்களை முட்டாள்கள் என்றது தவறு.

எந்தக் கம்பனி ஊசி?

2021இல் வெள்ளவத்தையில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "போட்டாச்சா?" இரண்டாவது, "எது?" நோயைத் தடுப்பதில் பைசர் 95 வீதம், சைனாவின் சினோபாம் 79, அஸ்ட்ராசெனிகா 63 என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அடுக்கிச் சொல்வார்கள். இந்த இலக்கங்கள் ஒரே போட்டியில் எடுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு நாட்டில், வேறு மாதத்தில், வேறு வயதினரிடம், வேறு வைரஸ் பரவிய நேரத்தில் எடுத்தது. 95க்கும் 79க்கும் இடையிலுள்ள 16 புள்ளியை அப்படியே "அவ்வளவு மோசம்" என்று வாசிக்க முடியாது. அதற்காக "எல்லாம் ஒன்றுதான்" என்பதும் சரியில்லை. சினோபாம் முதியவர்களிடம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கான தரவு முதலில் குறைவாகவே இருந்தது. பிறகு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கேயே இரத்த மாதிரிகளைப் பார்த்து, இரண்டு ஊசிக்குப் பின் 95 வீதமானோரிடம் எதிர்ப்புடல் உருவாகியிருந்ததாகவும், 60 வயதுக்கு மேல் அது கொஞ்சம் குறைவு என்றும் சொன்னார்கள். நம்மவர்களை வைத்துச் செய்த அந்த ஆய்வைவிட எங்கோ எழுதிய பட்டியல்தான் அதிகம் பகிரப்பட்டது என்பது எனக்கு இன்னும் கவலை.

இன்னொன்று. பைசருக்குக் காத்திருந்த இளைஞர்களில் பலர் நோய்க்காகக் காத்திருக்கவில்லை, படிக்கவோ வேலைக்கோ போகும் நாடு எந்த ஊசியை ஏற்கிறது என்று பார்த்தார்கள். அது விசா பற்றிய கேள்வி. அவர்களிடம் போய் மருத்துவப் புள்ளிவிவரம் பேசினால் பேச்சு எங்கும் போகாது.

"ஊசி போட்டவர்தானே கூடுதலாக வார்டில் கிடக்கிறார்"

இதை நான் நிறைய இடங்களில் கேட்டேன், படித்தவர்களே சொன்னார்கள். மெதுவாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதியில் 1,000 முதியவர்கள் என்று வையுங்கள். 900 பேர் போட்டுவிட்டார்கள், 100 பேர் போடவில்லை. போட்டவர்களில் 18 பேரும் போடாதவர்களில் 10 பேரும் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். வார்டை மட்டும் பார்த்தால் போட்டவர்தான் கூட. ஆனால் 900இல் 18 என்றால் நூற்றுக்கு 2 பேர், 100இல் 10 என்றால் நூற்றுக்கு 10 பேர். போடாதவருக்கு ஐந்து மடங்கு ஆபத்து. ஊசி போட்டவர் தொகை கூடக் கூட, வார்டிலும் அவர்கள் தொகை கூடத்தான் செய்யும். ஆகவே யாராவது வார்டுக் கணக்கோடு வந்தால், வெளியே எத்தனை பேர் என்று கேளுங்கள். வயதையும் கேளுங்கள். இலங்கையில் இறந்தவர்களில் பெரும்பகுதியினர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

இதன் மறுபக்கமும் ஒரு தவறு. ஆட்களைச் சம்மதிக்க வைக்க, "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிடுவது. கோவிஷீல்ட் போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு நோவும் பலருக்கு வந்தன. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. முன்னமே சொல்லியிருந்தால் ஞாயிறு பார்த்துப் போட்டிருப்பார். சொல்லாமல் விட்டதால், அடுத்த தடவை நாம் எது சொன்னாலும் நம்பமாட்டார்.

மூடு, திற

ஊரடங்கைப் பற்றிய பேச்சில் நாம் இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினோம். 2021 ஆகஸ்ட் 20 இரவு தொடங்கிய ஊரடங்கு பத்து நாளுக்கு என்றுதான் வந்தது. அப்புறம் செப்டம்பர் 6, 13, 21 என்று நீண்டு, ஒக்டோபர் 1 அதிகாலை 4 மணிக்குத்தான் தளர்ந்தது. ஆகஸ்டின் கடைசியில் நாளுக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள், மூடியிருக்க வேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருந்தது. அதே நேரம் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்த கொடுப்பனவு 2,000 ரூபா. ஆறு கிழமைக்கு. கடையைத் திறக்கச் சொன்னவரைப் பார்த்து "உயிரைவிடக் காசு பெரிதா" என்று கேட்டவர், மாதச் சம்பளம் வங்கிக்கு வரும் வீட்டில் இருந்து கேட்டார். நானும் அப்படித்தான் ஒருவரிடம் கேட்டேன். அந்த மனிதருக்கு அன்று மாலை வீட்டில் அரிசி இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எதை முதலில் திறப்பது? காற்றோட்டமான இடத்தையா, குளிரூட்டி போட்டுக் கதவடைத்த இடத்தையா? 200 பிள்ளைகளுக்குக் குறைவான பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளை ஒக்டோபர் 21இல் முதலில் திறந்தார்கள். அது இந்த மாதிரி யோசித்து எடுத்த படி. தளர்த்திய நாளை நோய் முடிந்த நாளாக எடுத்துக்கொள்வதும் பிழை. ஒக்டோபர் 1இலும் மரணங்கள் தினமும் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன. மாறியது என்னவென்றால், நாட்டில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள்.

இடத்தையும் மறக்கக் கூடாது. 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் தொற்று பரவியபின், கொழும்பில் முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பக்கம் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. "அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லுக் கேட்பதில்லை" என்று நகரின் மற்றப் பக்கத்தில் பேசினார்கள். ஒரே அறையில் ஆறு பேர், பல குடும்பத்துக்கு ஒரே தண்ணீர்க் குழாய் என்றால் தள்ளி நிற்பது எங்கே?

பயப்படுகிறவரிடம் பேசும்போது

கொழும்பில் தடுப்பூசிக்குத் தயங்கிய முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி "விளக்கம் இல்லாதவர்கள்" என்று சிலர் எழுதினார்கள். 2020 ஏப்ரல் தொடங்கி 2021 பிப்ரவரி இறுதி வரை, கொவிட்டில் இறந்த எவரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று அரசு வைத்திருந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் பொரளை மயானத்தில் எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கிழக்கிலுள்ள ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024இல். அந்த மாதங்களில் சோதனைக்குப் போகவே பயந்தவர்கள் இருந்தார்கள். அதே சுகாதாரத் துறை ஊசியோடு வந்து நின்றால், சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எப்படிப் பேச முடியும்? விஞ்ஞானத்தை விளக்குவதற்கு முன்னால், நடந்தது அநியாயம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைச் செய்த மௌலவிமாரும் வைத்தியர்களும்தான் பலரை ஊசி போடும் இடம் வரை கூட்டிப் போனார்கள்.

கிராண்ட்பாஸில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ஜூன் முழுக்க ஊசி வேண்டாம் என்றார். நான் டெல்டாவைப் பற்றியும் வீதங்களைப் பற்றியும் மூன்று தடவை விளக்கினேன். நான்காம் தடவைதான், "அம்மா, எதுக்குப் பயப்படுறீங்க?" என்று கேட்டேன். "தம்பி, நான் ரத்தம் கட்டாம இருக்கக் குளிசை போடுறன். ஊசி குத்தின இடத்தில ரத்தம் நிக்காட்டி என்ன செய்யிறது? அங்க கேட்டா சிங்களத்தில சொல்லுவாங்க, எனக்கு விளங்காது" என்றார். வீதத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அங்கிருந்த வைத்தியர் கொப்பியைப் புரட்டி, கடைசி இரத்தப் பரிசோதனை ஒழுங்காக இருப்பதைப் பார்த்துவிட்டு, போடலாம், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினார். ஊசி போட்டபின் பஞ்சைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு வெளியே வந்தவர், பஸ் தரிப்பிடம் வரைக்கும் கையை எடுக்கவே இல்லை.